நெடுந்தீவில் ஒரு கோடை ஓய்வு

சித்திரை பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் ஒதுங்குவதற்கு இடந்தேடுவது இலங்கை மக்களின் வழக்கம். வசதியுள்ளோர் நுவரெலியாவுக்குச் செல்வர்; மலைக்குளிரையும் மலர்ப் பூங்காக்களையும் குதிரைப் பந்தயத்தையும் கண்டு மீள்வர். வெயிலை விட்டு விலகிச் செல்வது ஓய்வின் ஒரு வகை. வெயிலோடு தலைமுறை தலைமுறையாக வாழப் பழகிய மக்களிடையே சென்று, அவர்கள் அதனைத் தாங்கும் வகையை அறிந்து, அவர்தம் நிழலிலே சில நாள் தங்கி வருவது மற்றொரு வகை. இவ்விரண்டாம் வகை ஓய்வை நாடுவோருக்கு நாட்டின் வடகடலிலே ஒரு தீவு காத்திருக்கின்றது. அதுவே நெடுந்தீவு.

யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு மேற்கிலும் தென்மேற்கிலும் ஒரு தீவுக்கூட்டம் கடலிற் சிதறிக் கிடக்கின்றது. காரைநகர், மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு ஆகியன தாம்போதிகளால் நிலத்தோடு இணைக்கப்பட்டுள்ளன. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகிய நான்கையும் அடையக் கடல் கடத்தல் வேண்டும். இவற்றுள் மிகத் தொலைவிலுள்ளது நெடுந்தீவு. அதன் பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். மலையோ குன்றோ ஆறோ அங்கு இல்லை. தீவின் மிக உயர்ந்த இடமும் கடல்மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரமே உடையது. இன்று அங்கு வாழ்வோர் தொகை ஏறத்தாழ நாலாயிரம்.

இத்தீவை ஆண்டோர் ஒவ்வொருவரும் அதற்கு ஒரு பெயரிட்டுச் சென்றனர். 1619 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், கால்நடை மலிந்திருந்தமை கண்டு இதனைப் பசுக்களின் தீவு என்று தம் மொழியில் அழைத்தனர். 1658 ஆம் ஆண்டில் அவர்களை வென்ற ஒல்லாந்தர், தம் தாயகத்து நகரங்களின் பெயர்களை இத்தீவுகளுக்குச் சூட்டினர். வேலணை லைடன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. ஏனைய பெயர்கள் மக்கள் வாயில் நிலைக்கவில்லை. டெல்வ்ற் என்பது மாத்திரம் ஆங்கில ஏடுகளிலும் கடற்படங்களிலும் இன்றளவும் வழங்குகின்றது. ஆயினும் தீவார் தம் ஊரை நெடுந்தீவு என்றே சொல்வர். ஆட்சிகள் வந்தன, போயின, ஊர்ப்பெயர் நின்றது.

யாழ்ப்பாண நகரத்திலிருந்து பயணம் பேருந்தில் தொடங்குகின்றது. பண்ணைத் தாம்போதியைக் கடந்து வேலணைக்கும், அங்கிருந்து மற்றொரு தாம்போதி வழியாகப் புங்குடுதீவுக்கும் தெரு செல்கின்றது. இருபுறமும் ஆழமற்ற கடல். அதிலே நாட்டப்பட்ட மீன்பிடிக் கூடுகளின் கம்பு வரிசைகள். நீரில் நின்று இரைதேடும் கொக்குகள். புங்குடுதீவின் மேற்கு முனையிலுள்ள குறிகட்டுவானில் தெரு முடிகின்றது. நாகபூசணி அம்மனையும் நாகவிகாரையையும் தரிசிக்க நயினாதீவு செல்வோர் அத்துறையிலேயே படகேறுவர். நெடுந்தீவுக்குரிய படகு அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலில் ஓடி, தீவின் வடகரையிலுள்ள மாவிலித்துறையை அடையும்.

இக்கடலைக் கடப்பதற்குக் காற்றின் இசைவு வேண்டும். யாழ்ப்பாணத்தார் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயரிட்டுள்ளனர். மாரி காலத்தில் வடகிழக்கிலிருந்து வீசுவது வாடை; கிழக்கிலிருந்து வருவது கொண்டல்; மேற்கிலிருந்து வருவது கச்சான்; வைகாசி முதற் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீறுடன் வீசுவது சோளகம். சோளகம் எழுந்துவிட்டால் நெடுந்தீவுக் கடல் கொந்தளிக்கும். வாடை ஓய்ந்து சோளகம் எழுவதற்கு இடைப்பட்ட மாசி, பங்குனி, சித்திரை மாதங்களிற் கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். சித்திரை விடுமுறை இப்பயணத்திற்கு ஏற்றதாய் அமைவது இக்காரணத்தினாலேயே ஆகும்.

படகிலே பயணிகளோடு அரிசி மூட்டையும் எரிவாயுக் கொள்கலமும் சீமெந்தும் மருந்துப் பெட்டியும் செல்லும். பாடசாலை ஆசிரியர்களும் அரச அலுவலரும் வைத்தியசாலைக்குச் சென்று திரும்பும் முதியோரும் அதிலேயே செல்வர். தீவின் வாழ்வு முழுவதும் அப்படகிலே ஏறி இறங்குகின்றது. விடுமுறை கழிக்கச் செல்வோருக்கு அது காற்று வாங்கும் உலா. தீவாருக்கோ அதுவே தெரு. இவ்வேறுபாட்டை உணர்ந்து படகேறுவோரே நெடுந்தீவைச் சரிவரக் காண்பர்.

கரையிறங்கியதும் கண்ணைக் கவர்வன கல்வேலிகள். குடாநாட்டின் ஊர்களிலே பூவரசும் கிளுவையும் கதியாலாக நிற்க, பனையோலையாலோ கிடுகாலோ அடைத்த வேலிகளே பண்டுதொட்டு வழங்கின. நெடுந்தீவில் அவ்வாறன்று. வளவுக்கு வளவு, தோட்டத்துக்குத் தோட்டம், ஒழுங்கையின் இருமருங்கிலும் முருகைக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மார்பளவு உயரத்திற்கு எழுப்பிய வேலிகள் நீண்டு செல்கின்றன. அவற்றிலே சுண்ணாம்புச் சாந்தும் இல்லை, சீமெந்தும் இல்லை. ஒரு கல்லின் முனை மற்றொரு கல்லின் பள்ளத்திற் பொருந்தி நிற்கும்படி கைகளே அவற்றை நிறுத்தியுள்ளன. கற்களுக்கிடையே உள்ள துளைகளினூடாகக் காற்றுப் புகுந்து செல்வதால் சோளகத்தின் வேகமும் அவற்றைப் பெரிதும் சாய்ப்பதில்லை.

இவ்வேலிகள் தோன்றிய காரணம் எளிது. தீவின் நிலம் சுண்ணக்கற் பாறையும் முருகைக்கல்லுமாகும். மேலே கிடக்கும் மண் மெல்லிய படலமே. கல்லைப் பொறுக்கி அகற்றினாலன்றி அங்கு ஒரு பாத்தி கட்டுதற்கும் இடமில்லை. அகற்றிய கல்லை எங்கேனும் வைத்தல் வேண்டும். தீவிலோ மாடும் ஆடும் குதிரையும் கட்டின்றித் திரிவன. பயிருக்குக் காவல் வேண்டும். ஒரு தொல்லையைக் கொண்டு மற்றொரு தொல்லையைத் தடுத்தனர் முன்னோர். பயிருக்குப் பகையான கல்லே பயிருக்குக் காவலாயிற்று. நெடுந்தீவு மக்களின் பண்பாட்டை ஒரு பொருளிலே காட்டுக என்று எவரேனும் கேட்பின் இக்கல்வேலியைக் காட்டலாம். உள்ளதைக் கொண்டு இல்லாததை ஈடுசெய்தலே அப்பண்பாட்டின் உயிர்நாடி.

உள்ளதையெல்லாம் ஈடுசெய்யலாம், ஒன்றை ஈடுசெய்தல் அரிது. அதுவே தண்ணீர். நெடுந்தீவின் கதை பெரும்பாலும் அதன் தண்ணீரின் கதையாகும்.

நாற்புறமும் உவர்க்கடல் சூழ்ந்த ஒரு தட்டையான தீவிலே, ஆறும் மலையுமின்றி, குடிநீர் எங்ஙனம் கிடைக்கின்றது? விடை நிலத்தின் கீழ் உள்ளது. ஐப்பசி முதல் மார்கழி வரை வாடையோடு வரும் மழையே தீவின் பெருஞ்செல்வம். அம்மழைநீர் துளைகள் நிறைந்த சுண்ணக்கல்லினூடாக இறங்கி நிலத்தடியிலே தங்குகின்றது. அதே துளைகளினூடாகக் கடல்நீரும் பக்கங்களிலிருந்து உட்புகுகின்றது. நன்னீர் உவர்நீரிலும் இலேசானது. ஆகவே பாலின்மேல் ஆடை மிதப்பதுபோல், உவர்நீரின்மேல் நன்னீர் மிதக்கின்றது. தீவின் நடுப்பகுதியில் தடித்தும் கரையோரங்களில் மெலிந்தும் இருப்பதால், அந்நன்னீர்த் திரளை ஒரு கண்ணாடி வில்லைக்கு ஒப்பிடுவர் அறிஞர்.

இவ்வில்லைக்கு ஒரு கணக்குண்டு. இத்தகைய நிலங்களிலே நன்னீர் கடல்மட்டத்திற்கு மேல் ஓர் அடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்திற்கு அது உவர்நீரைத் தள்ளி வைத்திருக்கும். இது நற்செய்தி போலத் தோன்றும். ஆயின் இக்கணக்கைத் திருப்பியும் படித்தல் வேண்டும். அந்நீர்மட்டம் ஓர் அடி தாழ்ந்து அவ்வாறே நிலைத்துவிடுமாயின், கீழிருக்கும் உவர்நீர் காலப்போக்கில் நாற்பது அடி மேலெழும். எடுத்தது சிறிது; இழந்தது பெரிது. ஒருமுறை உவர்த்த கிணறு மீண்டும் நன்னீராவதற்குப் பல மாரிகள் வேண்டும்.

முன்னோர் இக்கணக்கைப் புத்தகத்திற் படித்தவரல்லர், கிணற்றங்கரையிலே கற்றவர். துலாவினாலும் பட்டையினாலும் நீர் மொண்ட காலத்தில் ஒரு கிணறு தன்னை மீண்டும் நிரப்பிக்கொள்ளப் போதிய நேரம் பெற்றது. மனிதரின் கைவலுவே நீருக்கு எல்லையாய் இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்ததும் அவ்வெல்லை நீங்கிற்று. ஒரு மணி நேரத்தில் ஒரு நாளைய நீரை இறைத்துவிடலாம். அவ்வாறு விரைந்து இறைக்கும்போது கிணற்றின் அடியிலிருந்து உவர்நீர் கூம்புபோல் மேலெழுகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பல கிணறுகளிலும் இத்தீமை காணப்பட்டுள்ளது. சிறிய தீவில் அது விரைவாகவும் கடுமையாகவும் விளையும்.

நெடுந்தீவின் கிணறுகள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. பல உவர்; சில குளிப்பதற்கும் தோய்ப்பதற்கும் மட்டும் ஏற்றவை; குடிநீர் தருவன சிலவே. சாறாப்பிட்டி என்னும் இடத்திலுள்ள நன்னீர்க் கிணறுகள் தீவெங்கும் புகழ்பெற்றவை. கடற்கரைக்கு அண்மையிலிருந்தும் அவற்றின் நீர் இனிமையானது. கோடையிலே குடமும் கலனுமாக அங்கு சென்று நீர் கொண்டுவருதல் பல குடும்பங்களின் நாளாந்தப் பணியாய் இருந்து வந்தது. அண்மைக் காலத்தில் உவர்நீரை நன்னீராக்கும் இயந்திரங்களும் தீவுக்கு வந்துள்ளன. ஆயினும் இயந்திரம் இயங்க எரிபொருளும் மின்சாரமும் வேண்டும். அவற்றுக்கும் கடல் கடக்க வேண்டும். ஆகையால் மழை தந்த வில்லையே இன்றும் தீவின் அடித்தளம்.

தண்ணீர்க் கதையோடு பிணைந்தது குதிரைக் கதை. தீவின் தெற்கிலும் மேற்கிலும் உள்ள பரந்த புல்வெளிகளிலே குட்டையான மட்டக்குதிரைகள் கூட்டங் கூட்டமாக மேய்வதைக் காணலாம். அவற்றிற்குச் சேணமும் இல்லை, கடிவாளமும் இல்லை. இலங்கையில் இவ்வாறு கட்டின்றி வாழும் குதிரைகள் மிக அரியன.

இக்கடலுக்கும் குதிரைக்கும் உள்ள உறவு பழையது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று நயினாதீவு அம்மன் கோயிலில் உள்ளது. ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டு வணிகரைக் காக்க வேண்டுமெனக் கூறும் அக்கல்வெட்டு, யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடையுமாயின் நாலில் ஒரு பங்கை அரச பண்டாரம் கொள்ள, எஞ்சிய மூன்று பங்கை உடையவனுக்கு விடுதல் வேண்டுமென விதிக்கின்றது. ஏனைய சரக்கு ஏற்றிய கலம் உடைந்தாற் செம்பாதி அரசுக்குரியது. குதிரை வணிகனுக்கு அரசன் காட்டிய இச்சலுகை, அந்நாளில் குதிரைக்கு இருந்த மதிப்பைப் புலப்படுத்தும்.

பின்னர் வந்த ஐரோப்பியர் குதிரையை நெடுந்தீவிலேயே வளர்த்தனர். போர்த்துக்கேயர் தொடங்கிய அவ்வளர்ப்பை ஒல்லாந்தர் விரிவாக்கினர். புல்வெளி உண்டு, நாற்புறமும் கடல் இருப்பதாற் குதிரை ஓடிவிடும் என்ற அச்சமும் இல்லை. பிரித்தானியர் ஆட்சியிலே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், நோலன் என்னும் படை அதிகாரி தீவில் தங்கிக் குதிரை வளர்ப்பை மேற்பார்த்தார். அக்காலத்து இலாயங்களின் கற்றூண்களும் நீர்த்தொட்டிகளும் இன்றும் சிதைந்து நிற்கின்றன. குதிரைப்படைக்குத் தேவை ஒழிந்ததும் ஆட்சியாளர் குதிரைகளை மறந்தனர். அவை காட்டுக்குதிரைகள் ஆயின. தொட்டியில் நீர் ஊற்றிய கைகள் போய்விட்டன, தாகம் போகவில்லை.

கடும் வறட்சி வந்த ஆண்டுகளிற் குளங்களும் மடுக்களும் வற்றி, குதிரைகளும் மாடுகளும் நீரின்றி மடிந்ததுண்டு. அவ்வேளைகளிலே தம் குடத்து நீரிலும் ஒரு பங்கை அவற்றிற்கு வார்த்த தீவாரும் உண்டு. 2015 ஆம் ஆண்டில் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. பிரகடனம் நிலத்தைக் காக்கும்; கோடைத் தாகத்தைத் தீர்ப்பது நீர்நிலைகளைத் தூர்வாரிப் பேணுதலேயாகும்.

வெயிலையும் வறட்சியையும் பொருட்படுத்தாது நிமிர்ந்து நிற்பது பனை. நெடுந்தீவிலே தென்னை சிறுபான்மை, பனையே பெரும்பான்மை. கோடையில் நுங்கு, ஆடி ஆவணியிற் பனம்பழம், பழத்தின் களியைப் பாயிற் பரப்பி வெயிலிற் காயவைத்தாற் பனாட்டு, மாரியிலே பாத்தியிட்ட விதையிலிருந்து தை மாசியிற் கிழங்கு, கிழங்கைப் பச்சையாய்ப் பிளந்து காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தாற் புழுக்கொடியல். பதநீரைக் காய்ச்சினாற் பனங்கட்டி. ஓலை கூரையாகும், பாயாகும், பெட்டியாகும். கடல் கொந்தளித்துப் படகு வராத நாட்களிலே தீவைப் பட்டினியிலிருந்து காத்தது இவ்வொரு மரமே எனில் மிகையாகாது.

தீவிலே தங்குவோர் தவறாது உண்ணவேண்டியது ஒடியற்கூழ். ஒடியல் மாவை நீரில் ஊறவைத்து அதன் கசப்பை நீக்கி, மீனும் நண்டும் இறாலும் பயற்றங்காயும் மரவள்ளிக் கிழங்கும் பலாக்கொட்டையும் சேர்ந்து கொதிக்கும் பானையில், அரைத்த செத்தல் மிளகாயோடும் பழப்புளியோடும் கரைத்து விடுவர். பனையோலையாற் கோலிய பிளாவிலோ மடித்த பலாவிலையிலோ அதனை வார்த்து, வீட்டார் அனைவரும் பானையைச் சுற்றி அமர்ந்து குடிப்பர். கூழ் ஒருவருக்கெனக் காய்ச்சப்படுவதில்லை. அயலாரும் விருந்தினரும் சேர்ந்தாலே அதற்குச் சுவை. கடல் தந்தது, பனை தந்தது, தோட்டம் தந்தது ஆகிய மூன்றும் ஒரே பானையிற் கூடும் அவ்வுணவு தீவின் வாழ்க்கைச் சுருக்கம் எனலாம்.

காலையிலும் மாலையிலும் வெயில் தணிந்த வேளைகளிலே காணத்தக்க இடங்கள் பல. துவிச்சக்கர வண்டியிலோ முச்சக்கர வண்டியிலோ அவற்றைச் சுற்றி வரலாம். பெருக்கமரம் ஒன்று தீவில் நிற்கின்றது. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரத்தை அரபு வணிகர் கொணர்ந்தனர் என்பது வழக்கு. அதன் அடிமரத்திலுள்ள பொந்தினுள் மனிதர் நுழைந்து நிற்கலாம். உள்ளே எந்நேரமும் குளிர்ச்சி. துறைக்கு அணித்தாய் முருகைக்கல்லாற் கட்டிய கோட்டை சிதைந்து கிடக்கின்றது. பழைய நீதிமன்றக் கட்டடத்தின் பக்கத்திலே புறாக்கூடு ஒன்று தூணின்மேல் நிற்கின்றது. கடலுக்கு அப்பாற் செய்தி அனுப்பப் புறாக்களைப் பேணிய காலத்தின் எச்சம் அது. தென்முனையிலே கப்பல்களுக்கு அடையாளமாய் எழுப்பிய பழைய கோபுரம் உள்ளது.

வெடியரசன் கோட்டை என மக்கள் சொல்லும் இடமும் காணத்தக்கது. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி வேண்டிக் கடலோடி வந்த மீகாமன், இத்தீவை ஆண்ட வெடியரசனோடு பொருது வென்றான் என்பது ஈழத்துக் கண்ணகி கதை மரபு. மட்டக்களப்பு முதலிய இடங்களிற் போற்றப்படும் கண்ணகி வழக்குரையிலும் இக்கடலோட்டுச் செய்தி உண்டு. கோட்டை எனப்படும் அவ்விடத்திலே பௌத்த தாதுகோபங்களின் கல் அடித்தளங்கள் காணப்படுகின்றன. அரசன் கதையும் புத்தர் வழிபாட்டின் சுவடும் ஒரே மேட்டிலே படிந்து கிடக்கின்றன. தீவைக் கடந்து சென்ற மக்கள் பலர். அவர்கள் விட்டுச்சென்ற தடங்கள் ஒன்றையொன்று அழிக்கவில்லை.

இன்றும் சைவக் கோயில்களும் கத்தோலிக்க ஆலயங்களும் தீவில் அருகருகே விளங்குகின்றன. புனித யுவானியார் ஆலயம் தீவின் கத்தோலிக்கருக்குத் தலைமையானது. தவக்காலத்திலே கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்குச் செல்லும் படகுகள் பலவற்றிற்கு நெடுந்தீவு வழித்துறையாகும். தமிழாராய்ச்சியை உலகளாவிய துறையாக்கிய தனிநாயகம் அடிகளின் தந்தையார் இத்தீவைச் சேர்ந்தவர். 1964 ஆம் ஆண்டில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும், 1966 ஆம் ஆண்டில் அதன் முதல் மாநாடு கோலாலம்பூரில் நிகழவும் முன்னின்றவர் அடிகளார். ஒரு மணி நேரக் கடலைக் கடப்பதே அரிதென எண்ணப்படும் தீவின் வழித்தோன்றல் உலகையே வலம் வந்தமை வியத்தற்குரியது.

அமைதி நிலவும் இத்தீவுக்குத் துயரமும் உண்டு. 1985 மே 15 ஆம் நாள், மாவிலித்துறையிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினி என்னும் பயணப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் பலர் கொல்லப்பட்டனர். அவர்தம் நினைவுச் சின்னம் துறைக்கு அண்மையில் நிற்கின்றது. கரையிறங்கும் பயணி அதன்முன் ஒரு கணம் நின்று செல்வது மரியாதை. போர் நீடித்த ஆண்டுகளிலே குடும்பங்கள் பல தீவைவிட்டுப் பெயர்ந்தன. ஒழுங்கைகளிலே செல்வோர், வேலி உறுதியாய் நிற்க, உள்ளே வீடு இடிந்து, முற்றத்தில் எருக்கலை வளர்ந்த வளவுகளைக் காண்பர். சாந்தின்றி அடுக்கிய கல் நிற்கின்றது; சாந்திட்டுக் கட்டிய சுவர் வீழ்ந்துவிட்டது. வீட்டைப் பேண ஆளில்லாதபோது நிகழ்வது இதுவே.

இளைஞர் கல்விக்கும் தொழிலுக்கும் கடல் கடந்து செல்வதும் தொடர்கின்றது. தீவில் எஞ்சியிருப்போருக்கு விருந்தினர் வருகை ஒரு வருவாய் வழியாகும். தங்குமனை நடத்துவோரும், வண்டியோட்டுவோரும், சமைத்துக் கொடுப்போரும், பனையோலைப் பெட்டி இழைப்போரும் அதனாற் பயன்பெறுவர். ஆயின் அவ்வருவாய் தண்ணீரை விலையாகக் கொண்டு வருமாயின் அது வருவாயாகாது. நகரத்து விடுதியிலே நாளொன்றுக்கு ஒருவர் செலவிடும் நீரை நினைத்துப் பார்த்தால் இதன் உண்மை விளங்கும். திறந்துவிட்ட குழாயின் கீழ் நின்று நீராடும் வழக்கம் அங்கு ஒருவரோடு நிற்பதன்று. விருந்தினர் நூறுபேர் அவ்வாறு செய்யும் நாளிலே, தீவின் நடுவே மிதக்கும் அவ்வில்லை மெலியும்; அதன் விளைவை அவர்கள் ஊர் திரும்பிய பின்னர் தீவாரே அனுபவிப்பர்.

ஆகவே நெடுந்தீவு செல்வோர் கைக்கொள்ள வேண்டியன சில. வாளியில் அளந்து எடுத்த நீரால் நீராடுதல் ஒன்று. வேலிக் கல்லையோ கரையில் ஒதுங்கிய முருகைக்கல்லையோ நினைவுப் பொருளாக எடுத்து வாராமை இரண்டு. முருகைக்கல்லை அகழ்தலும் அகற்றுதலும் சட்டத்தாலும் தடுக்கப்பட்டவை. கொண்டுசென்ற பிளாத்திக்குப் போத்தல்களையும் பைகளையும் திரும்பக் கொண்டுவருதல் மூன்று. குதிரைகளைத் துரத்தாமலும் அவை நீருண்ணும் இடத்தை மறிக்காமலும் தூரநின்று காணுதல் நான்கு. படகில் இடம் குறையுமாயின் நோயாளருக்கும் மாணவருக்கும் வழிவிட்டு அடுத்த படகுக்குக் காத்திருத்தல் ஐந்து. பகலில் வந்து மாலையில் ஓடிவிடாது, இரண்டொரு நாளேனும் தங்கித் தீவாரின் கையால் உண்ணுதல் ஆறு. இவை யாவும் எளியன. எனினும் தீவைக் காப்பன.

இவ்வாறு தங்குவோருக்குக் கிடைக்கும் ஓய்வு வேறெங்கும் எளிதிற் கிடைப்பதன்று. நண்பகலில் திண்ணையிலே பனையோலைப் பாய் விரித்துக் கிடக்கும்போது, கல்வேலியின் துளைகளினூடாகக் கடற்காற்று வந்து தீண்டும். மாலையிலே மேற்குக் கரையிற் சூரியன் கடலில் இறங்க, குதிரைகள் நிழலுருவங்களாய் நீர்நிலையை நோக்கி நடக்கும். இரவிலே நகரத்து விளக்கொளியால் மறைக்கப்படாத வானம் முழுவதும் விண்மீன்கள் தோன்றும். செய்வதற்கு வேலை இல்லாமையால் வரும் ஓய்வு சில நாளிற் சலிக்கும். தேவைகளைக் குறைத்துக்கொள்வதால் வரும் ஓய்வு சலிப்பதில்லை. நெடுந்தீவு மக்கள் அதனை வறட்சியின் வாயிலாகக் கற்றனர். விருந்தினர் அதனை ஒரு வாளி நீரின் வாயிலாகக் கற்கலாம். அவ்வாறு கற்று மீள்வோர் பலராயின், அடுத்த சித்திரையிலும் சாறாப்பிட்டிக் கிணறு இனிக்கும்.